"சீசர் செய்தால் அப்படித்தான்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

பதிவு நீளம். இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவில் வாசியுங்கள். ஆண்களும் வாசியுங்கள். "இது பொம்புளைகள்ட விஷயம்" என்று விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்காகவே முக்கியமாக எழுதுகிறேன்.

2019 மே 23 ஆம் திகதி 'திவயின' பத்திரிகையின் முன்பக்கத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. ஒரு வைத்தியர் 4000 சிங்களத் தாய்மாருக்கு சீசர் செய்யும்போது இரகசியமாகக் கருத்தடையும் செய்துவிட்டார் என்பது செய்தி. பெயரில்லாமல் வந்த செய்திக்கு மறுநாளே முகம் கிடைத்தது. குருநாகல் போதனா வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். ஜூலை 25 ஆம் திகதி பிணை கிடைக்கும்வரை இரண்டு மாதம் உள்ளே இருந்தார். குற்றச்சாட்டை நிரூபிக்கச் சாட்சியம் இல்லை என்று ஜூன் இறுதியிலேயே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. 2022 இல் நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சத்துக்கும் அதிகமான பணத்தை, மருந்தில்லாமல் தவித்துக்கொண்டிருந்த அரசாங்க வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்குவதற்கே அவர் கொடுத்தார்.

கதையின் இந்தப் பாதியை நாம் போதுமான அளவு பகிர்ந்துவிட்டோம். நான் எழுத வந்தது மற்றப் பாதியை.

அந்த நாட்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையில் நின்று முறைப்பாடு கொடுத்தார்கள். சீசருக்குப் பிறகு பிள்ளை தங்கவில்லை என்பதே பெரும்பாலானவர்களின் முறைப்பாடு. அவர்கள் எல்லோரும் இனவாதிகள் என்று நமக்குள் பேசிக்கொண்டோம். தூண்டிவிட்டவர்கள் இனவாதிகள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரிசையில் நின்ற பெண் பொய் சொல்ல வந்தவள் என்று நான் நம்பவில்லை. அவளுக்கு உண்மையாகவே பிள்ளை தங்கவில்லை. வருடக்கணக்காக அவளுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. ஒரு நாள் பத்திரிகை ஒரு காரணத்தைச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இரண்டு மாதமும் நான் பார்த்த எந்தச் செய்தியிலும், எந்த டிவி விவாதத்திலும் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை: "மகள், உங்கள் சீசர் வடு எப்படி இருக்கிறது? யாராவது பார்த்தார்களா?"

எல்லோருக்கும் தேவைப்பட்டது குழாய் மட்டும்தான். குழாய் கட்டப்பட்டிருக்கிறதா இல்லையா? சாயம் செலுத்தி எடுக்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே என்ற பெயர் அன்று பத்திரிகை வாசிக்கும் எல்லோருக்கும் பாடமானது. அந்தப் படம் குழாய் திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று காட்டும். சில வேளை கர்ப்பப்பையின் முன்சுவரில், பழைய சீசர் வெட்டிய இடத்தில், சாயம் தேங்கிய ஒரு சிறு பையையும் அதே படம் காட்டும். குழாயைத் தேடுகிற கண்ணுக்கு அந்தப் பை படாது.

அந்தப் பையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அந்தப் பெண்களில் இத்தனை பேருக்கு அது இருந்தது என்று நான் சொல்லவில்லை. நான் வைத்தியர் அல்ல, ஆசிரியை. கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை என்று சொல்ல ஆசிரியைக்கு உரிமை இருக்கிறது.

*

சீசரில் வெட்டுவது வெளித்தோலை மட்டும் அல்ல என்பது பாதிப் பேருக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. வெளியே பிகினி கோடு மாதிரி ஒரு தழும்பு தெரியும். உள்ளே, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், முன்சுவரில் இன்னொரு வெட்டு இருக்கிறது. பிள்ளை வெளியே வந்த வாசல் அதுதான். அதையும் தைக்கிறார்கள், அதுவும் ஆறுகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆறுவதில்லை. சிலருக்குச் சதை முழுத் தடிப்பிலும் ஒட்டாமல், உள்பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது.

நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். மண்சரிந்த இடத்தை எவ்வளவு கட்டினாலும், அங்கே ஒரு தாழ்வு மிஞ்சிவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும். மழை விட்டு, ரோட்டெல்லாம் காய்ந்த பிறகும் அந்தப் பள்ளத்திலிருந்து சேற்றுத்தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். கர்ப்பப்பைக்குள் நடப்பதும் அதுதான். பீரியட் இரத்தம் அந்தப் பள்ளத்தில் தேங்குகிறது. சுற்றியுள்ள சதை பலமாகச் சுருங்காததால் முழுவதும் வெளியேறுவதில்லை. ஐந்தாம் நாள் முடிய வேண்டிய பீரியட், கபில நிறத்தில் சொட்டுச் சொட்டாகப் பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் வரை இழுக்கிறது.

இதனால் வரும் தொந்தரவுகள்: பீரியட் முடிந்த பிறகும் கசிவு. அடிவயிற்று வலி. சிலருக்குக் கணவன் மனைவி உறவின்போது வலி. இன்னும் சிலருக்குப் பள்ளத்தில் தேங்கிய திரவம் கர்ப்பப்பைக்குள் திரும்பி வந்து, கரு தங்குவதற்குத் தடையாகிறது. முதல் பிள்ளை சுலபமாகக் கிடைத்து, சீசருக்குப் பிறகு இரண்டாவது தங்காமல் தவிப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இது காரணமாக இருக்கலாம். மருத்துவ உலகம் இதை நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் அகற்றப்பட்ட 51 கர்ப்பப்பைகளின் வடுக்களை எடுத்துப் பரிசோதித்து, "இந்தத் தொந்தரவுகளுக்கு வடுவே காரணமா?" என்று கேட்ட ஆய்வு 1995 இல் வெளிவந்தது. அந்த வருடம் பிறந்த பெண்பிள்ளைகள் இன்று தாய்மார்.

2014 இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, சாதாரண உள் ஸ்கேனில் பார்த்தபோது சீசர் செய்தவர்களில் 100 க்கு 24 முதல் 70 பேர் வரை இப்படியான பள்ளம் இருந்ததாகவும், சலைன் விட்டுப் பார்த்தபோது 56 முதல் 84 பேர் வரை இருந்ததாகவும் சொல்கிறது. பயந்துவிடாதீர்கள். பள்ளம் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. தொந்தரவு இல்லாவிட்டால் வைத்தியமும் தேவையில்லை. கசிவு என்று அவதிப்படுகிறவர்கள், பள்ளம் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இலங்கையில் சீசர் எத்தனை என்று யோசியுங்கள். 2016 இன் நாடளாவிய சனத்தொகை, சுகாதார ஆய்வின்படியே ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் சீசர். மூன்றில் ஒரு தாய்க்கு இருக்கும் வடு இது. இதன் பெயர்கூட நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாது.

*

தெரியாததற்குக் காரணம், கேட்கும் இடமெல்லாம் அவளுக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது.

உம்மாவிடம் சொன்னால்: "மகள், சீசர் செய்தால் அப்படித்தான். எனக்கும் இருந்தது."

கிளினிக்கில் சொன்னால், அதுவும் அறுபது பேர் வரிசையில் நிற்கும் நாளில் சொன்னால்: "அது ஹோர்மோன். சரியாப் போகும்." ஒரு மாத்திரை அட்டை.

மாமி வீட்டில்: "கண்ணூறு பட்டிருக்கும், ஓதிப் பார்ப்போம்."

அக்கம்பக்கத்தில்: "ரெண்டாவது கிடைக்கல்லையா? அவளுக்கு இனி கிடைக்காதாம்." இதைச் சொல்கிறவர்கள் அவளுடைய கணவனிடம் அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

2019 இல் பத்திரிகை சொன்னதும் இந்த வரிசையில் வந்த இன்னொரு பதில்தான். அது நாட்டையே பற்றவைத்ததால் அதை மட்டும் அநியாயம் என்கிறோம். அந்தப் பதில்கள் எல்லாம் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கின்றன. ஒன்றுகூட அவளை ஸ்கேன் கட்டில்வரை கொண்டுபோகவில்லை.

என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியைக்கு மூன்று வருடம் இப்படிக் கசிவு இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை மட்டும் பல பெட்டி குடித்திருப்பார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட, "எத்தனை சீசர்? கசிவு பீரியடுக்கு முன்னாலா பின்னாலா?" என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் பார்த்த வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். உள் ஸ்கேனில் பள்ளம் தெரிந்தது. பார்த்து முடிக்க அரை மணித்தியாலம் ஆகவில்லை. மூன்று வருடத்தையும் அரை மணித்தியாலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

*

கண்டுபிடிப்பது எப்படி என்பதைத் தெளிவாக எழுதுகிறேன். ஏனென்றால் கேட்கத் தெரிந்தால்தான் கேட்கலாம்.

வயிற்றுக்கு மேலே ஜெல் பூசிப் பார்க்கும் ஸ்கேனில் இந்தப் பள்ளம் பெரும்பாலும் சரியாகத் தெரியாது. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள் ஸ்கேன் வேண்டும். கர்ப்பப்பையின் முன்சுவரில், வடு இருக்கும் இடத்தில், கறுப்பாக ஒரு முக்கோண வெட்டு மாதிரி தெரியும். 2 மில்லிமீற்றருக்குக் குறையாத ஆழம் இருந்தால் அதை வடுப்பள்ளம் என்று கணக்கெடுக்கலாம் என்பது 2019 இல் நிபுணர்கள் சேர்ந்து எடுத்த முடிவு. ஆம், நாம் குழாயைப் பற்றிச் சண்டை பிடித்த அதே 2019.

நாளும் முக்கியம். பீரியட் முடிந்து கசிவு இருக்கும் நாட்களில் போனால், தேங்கிய இரத்தமே பள்ளத்தை எடுத்துக் காட்டும். சந்தேகமாக இருந்தால் மெல்லிய குழாயால் கொஞ்சம் சலைன் விட்டு மறுபடி பார்ப்பார்கள். பள்ளம் அப்போது நன்றாக விரிந்து தெரியும். கமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது, எம்.ஆர்.ஐ. எடுப்பது எல்லாம் சத்திரசிகிச்சை யோசிக்கும்போது வருபவை. எல்லோருக்கும் தேவையில்லை.

ரிப்போர்ட்டில் "பள்ளம் இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது. இரண்டு அளவு வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழம்? பள்ளத்துக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் எவ்வளவு சதை மிஞ்சியிருக்கிறது? இரண்டாவதுதான் வைத்தியத்தைத் தீர்மானிக்கும். மிஞ்சிய சதை 3 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் உள்ளே கமரா விட்டுச் செதுக்குவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சுவர் ஓட்டையாகலாம், அடுத்தே சலப்பை இருக்கிறது. அப்படியானவர்களுக்கு வயிற்றில் சிறு துளையிட்டுத் திருத்தும் முறை இருக்கிறது. இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரையோ ஹோர்மோன் லூப்போ கசிவைக் குறைக்கலாம். பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு வழி வேறு. முதலில் மற்றக் காரணங்களைப் பார்க்க வேண்டும். அதில் கணவனின் விந்துப் பரிசோதனையும் சேர்த்தி. அது ஒரு சின்னப் போத்தலில் முடிகிற வேலை. அதைச் செய்ய மறுத்துவிட்டு மனைவியை ஊர் ஊராக ஓதிப் பார்க்கக் கூட்டிப்போகிறவர்களை நான் அறிவேன். இதை வாசிக்கும் அவர்களும் தங்களை அறிவார்கள்.

இன்னொன்று. கசிவெல்லாம் வடு என்று நீங்களே தீர்மானித்துவிடவும் கூடாது. கட்டி, சதை வளர்ச்சி, தைரொயிட், கருத்தடை ஊசி, லூப், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எல்லாம் கசிவைத் தரும். அதனால்தான் "அப்படித்தான்" என்ற வார்த்தை ஆபத்தானது. அந்த வார்த்தை வடுவையும் மறைக்கிறது, புற்றுநோயையும் மறைக்கிறது.

*

வடுவின் பெரிய ஆபத்து கசிவு இல்லை. அடுத்த கர்ப்பம்.

ஏறத்தாழ 2000 கர்ப்பங்களில் ஒன்றில், கரு வந்து அந்த வடுவிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று கணக்கிடுகிறார்கள். வளர வளர மெல்லிய சுவரைக் கிழிக்கும். ஆறு, ஏழு வாரத்தில் உள் ஸ்கேன் செய்தால் கண்டுபிடிக்கலாம். கர்ப்பப்பையின் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும், கருப்பை கீழே முன்பக்கத்தில், சலப்பைக்கு நெருக்கமாக இருக்கும். மூன்று மாதம் கழித்துப் போனால் தெளிவாகப் பிரித்தறிவது கஷ்டம், கைகொடுப்பதும் கஷ்டம். நம் ஊரில் "மூணு மாசம் போகட்டும், பிறகு கிளினிக்கில் பதிவோம்" என்று வெளியே சொல்லாமல் இருக்கும் வழக்கம் இருக்கிறதே, சீசர் செய்த பெண்ணுக்கு அது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது நச்சுக்கொடி. விஞ்ஞானப் புத்தகத்தில் பிள்ளைகள் சூல்வித்தகம் என்று படிப்பது. அது கீழே இறங்கிப் பழைய வடுவில் வேர்விட்டால், பிள்ளை பிறந்த பிறகு கழன்று வராது. இரத்தம் நிற்காது. அமெரிக்காவில் 30,000 க்கும் அதிகமான சீசர்களை ஆராய்ந்து 2006 இல் வெளியான ஆய்வு இருக்கிறது. நச்சுக்கொடி கீழே இறங்கி வாயை மூடியிருந்த பெண்களில், முதல் சீசருக்கு வந்தவர்களில் 100 க்கு 3 பேருக்கு அது சதைக்குள் வேரோடியிருந்தது. இரண்டாவது சீசரில் 11. மூன்றாவதில் 40. நான்காவதில் 61.

இந்த நாலு இலக்கங்களையும் திரும்ப வாசியுங்கள். மூன்றாவது சீசரின்போது வைத்தியர் ஏன் "எல்.ஆர்.டி. செய்வோமா?" என்று கேட்கிறார் என்பது இப்போது விளங்கும். அவர் நம் சனத்தொகையை எண்ணவில்லை. வடுவை எண்ணுகிறார்.

ஆனால் அதை எப்படிக் கேட்கிறார்கள்? வலியோடு கட்டிலில் கிடக்கும் பெண்ணிடம் ஒரு கடதாசியை நீட்டி, அவளுக்கு விளங்காத பாஷையில், ஒரு நிமிடத்தில். தோட்டத்துப் பெண்ணுக்கு இது புதிதல்ல. 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கமே காசு கொடுத்தது. அந்தக் காசு வாங்கிய அம்மாமார் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். முஸ்லிம் பெண் "நம்மைக் குறைக்கப் பார்க்கிறார்கள்" என்கிறாள். தமிழ்ப் பெண்ணும் அதையே சொல்கிறாள். 2019 இல் சிங்களப் பெண்ணும் அதையே சொன்னாள். மூன்று சமூகத்துக்கும் ஒரே பயம், ஒரே காரணம். வடு என்றால் என்ன, அது மூன்று தடவை வெட்டப்பட்டால் என்னவாகும் என்று யாரும் இருந்து சொல்லவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்துரொட்டிக்குள் 'வந்த பெத்தி', அதாவது மலடாக்கும் மாத்திரை, போட்டார்கள் என்று கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலை உடைத்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வுத் திணைக்களம் அது மாக்கட்டி என்றது. கர்ப்பப்பையைப் பற்றி அறிவு இல்லாத நாட்டில் ஒரு மாக்கட்டி போதும்.

*

இனி நம் ஆட்களிடம் சில வார்த்தை.

கசிவு நீளும்போது ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு வருவது உடல் பிரச்சினை மட்டும் அல்ல. தொழலாமா? நோன்பு பிடிக்கலாமா? குளித்துவிட்டு மறுநாள் மறுபடி கறை கண்டால் என்ன செய்வது? இது ஹைளா, இஸ்திஹாளாவா? நாம் ஷாபிஈ மத்ஹபில் ஹைளின் உச்சம் 15 நாள் என்று ஓதியிருக்கிறோம். அதனால் 14 நாள் கசிந்தாலும் "கணக்குக்குள்தானே இருக்கிறது" என்று ஆறுதல் அடைந்துவிடுகிறோம். அந்தக் கணக்கு தொழுகைக்கான சட்டம். உடம்புக்கான நோய்நிர்ணயம் இல்லை. மௌலவியிடம் மஸ்அலா கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் தொழுகையைச் சீராக்கும். பள்ளத்தை மூடாது.

மௌலவிமாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பெண் பன்னிரண்டு நாள் கசிவு என்று கேட்டால், சட்டத்தைச் சொன்ன கையோடு "சீசர் செய்தீர்களா? டொக்டரிடம் காட்டினீர்களா?" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிற்காத உதிரத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டார் பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி). வெட்கப்படவில்லை, அவரை யாரும் வெட்கப்படுத்தவும் இல்லை. மாதவிடாய் வேறு, மற்ற உதிரப்போக்கு வேறு என்று அவருக்குப் பிரித்துச் சொல்லப்பட்டது. பிரித்தறிவதுதான் முதல் வேலை என்று நம் மார்க்கத்திலேயே இருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுக்குப் பிறகு நம் பெண்பிள்ளைகள் சொந்தக் கணவனிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

உள் ஸ்கேன் என்றதும் பலர் பின்வாங்குவது தெரியும். பெண் வைத்தியரைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். தேவை என்று வரும்போது மார்க்கம் கதவை மூடவில்லை. மூடுவது நாம்.

*

இதை எழுதினால் வரப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும்.

"டொக்டர்மாரைக் குற்றம் சொல்கிறீர்கள்." இல்லை. வடுப்பள்ளம் விழுவது தைத்தவரின் கவலையீனம் என்று நினைப்பதே இன்னொரு வதந்தி. நெதர்லாந்தில் 32 வைத்தியசாலைகளில் 2292 பெண்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு அடுக்காகவும் பாதிப் பேருக்கு இரண்டு அடுக்காகவும் தைத்துப் பார்த்தார்கள். ஒன்பது மாதம் கழித்துக் கசிவில் வித்தியாசம் இருக்கவில்லை. பிரசவ வலி முற்றி வாய் நன்றாகத் திறந்த பிறகு சீசர் செய்ய வேண்டி வந்தால், கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தால், பல சீசர் செய்திருந்தால் பள்ளத்துக்கு வாய்ப்புக் கூடும். இதில் கைது செய்ய ஆளில்லை. வடு விழுந்ததற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொன்ன பிறகும் பார்க்காமல் விட்டதைத்தான் குற்றம் என்கிறேன்.

"அப்போ சீசரே வேண்டாமா? அந்தக் காலத்தில் வீட்டில் பெறவில்லையா?" அந்தக் காலத்தில் வீட்டில் செத்தும் போனார்கள். சீசர் உயிர் காக்கும் சத்திரசிகிச்சை. வைத்தியர் அவசியம் என்றால் செய்துகொள்ளுங்கள். "சுகப்பிரசவம்தான் ஈமானின் அடையாளம்" என்று பெண்கள் பயானில் பேசுகிறவர்கள் தயவுசெய்து அந்த மைக்கை வைத்துவிடுங்கள்.

"வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போகும் நேரத்தில் இது ஆடம்பரம்." கேள்வி கேட்பதற்கு மெஷின் தேவையில்லை. "எத்தனை சீசர், கசிவு எத்தனை நாள்" என்ற இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். கசிவு என்பது பணக்காரர் நோயுமில்லை. புசல்லாவையிலிருந்து ஸ்கேனுக்காகக் கம்பளைக்கோ பேராதனைக்கோ போகும் தோட்டத்துப் பெண்ணுக்கு அன்றைய பேர் போகும். அவளை "அடுத்த கிழமை வாங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினால் மூன்று பேர் போகும். நாலாம் முறை அவள் வரமாட்டாள். அவள் வராததை "குணமாகிவிட்டது" என்று புத்தகத்தில் கணக்கு வைக்காதீர்கள்.

*

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை.

ஒன்று. சீசர் செய்த பெண் பிறகு எந்தக் கிளினிக்குக்கு வந்தாலும், வெளித்தழும்பை மட்டும் பார்த்து அனுப்பாமல் பீரியட் எத்தனை நாள், கசிவு உண்டா என்று கேட்டு எழுதுங்கள். வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள் உலகமே பாராட்டும் ஒரு படை. அவர்களின் கேள்விப் பட்டியலில் இந்த இரண்டு கேள்வியையும் சேருங்கள்.

இரண்டு. சீசர் செய்தவள் மறுபடி கர்ப்பமானால், ஆறு ஏழு வாரத்தில் கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் அரசாங்க வைத்தியசாலையில் கிடைக்க வேண்டும். புசல்லாவைப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும்.

மூன்று. டயக்னோசிஸ் கார்டில் என்ன வெட்டு, ஏன் செய்தது, என்ன சிக்கல் வந்தது, அடுத்த கர்ப்பத்தில் என்ன கவனம் என்று அவள் வாசிக்கும் பாஷையில் நாலு வரி. எல்.ஆர்.டி. பற்றிப் பேசுவதென்றால் கர்ப்ப காலத்திலேயே, கணவனையும் வைத்துக்கொண்டு, அவளுடைய பாஷையில் பேசுங்கள். கத்தி எடுக்கும் நேரத்தில் வேண்டாம்.

பெண்களே, உங்களுக்கு:

கலண்டரில் குறியுங்கள். பீரியட் தொடங்கிய நாள், சிவப்பு நின்ற நாள், கபிலக் கசிவு நின்ற நாள். மூன்று மாதம் குறித்த கலண்டரைக் கொண்டுபோனால் உங்களை யாராலும் "ஹோர்மோன்" என்று ஒரு வார்த்தையில் அனுப்ப முடியாது.

டயக்னோசிஸ் கார்டை ஃபோனில் படமெடுத்து வையுங்கள். எத்தனை சீசர் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

"உள் ஸ்கேனில் என் சீசர் வடுவையும் பார்த்து அளவு எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். இந்த ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள்.

மறுபடி கர்ப்பம் என்று தெரிந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். வலியோ இரத்தமோ கண்டால் அன்றே போங்கள்.

கணவன்மாரே, நீங்களும் கூடப் போங்கள். கிளினிக் வெளியே பைக்கில் இருந்து ஃபோன் பார்க்கவேண்டாம். உள்ளே போய்க் கேளுங்கள்.

2019 இல் இந்த நாட்டின் தலைவர்கள், பத்திரிகைகள், பிக்குமார், மௌலவிமார், நாம் எல்லோரும் சீசர் செய்த பெண்களின் கர்ப்பப்பையைப் பற்றி இரண்டு மாதம் சத்தமாகப் பேசினோம். எல்லாம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். ஷாபி டொக்டரும் வீட்டுக்கு வந்தார், அல்ஹம்துலில்லாஹ். அந்த வரிசையில் நின்ற பெண்ணும் வீட்டுக்குப் போனாள், வந்த அதே தொந்தரவோடு. அவள் எந்த மதம் என்று கேட்காமல் அவளை ஒரு ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தால், அதுதான் அந்த வைத்தியருக்கும் நாம் கொடுத்திருக்கக்கூடிய நல்ல பதில்.

கொமெண்டில் எந்த வைத்தியரின் பெயரையும், எந்த வைத்தியசாலையின் பெயரையும், எந்தப் பெண்ணின் பெயரையும் எழுதாதீர்கள். அழித்துவிடுவேன். உங்களுக்கே தொந்தரவு இருந்தால் கொமெண்டில் கேட்க வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள். பகிர்வதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை. சிங்களம் எழுதத் தெரிந்த யாராவது இதைச் சிங்களத்திலும் எழுதிப் போடுங்கள். அந்தப் பெண்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.